கேமிங் கணினிக்கு நம்பகமான மதர்போர்டு



2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இன்டெலின் 12ஆம் தலைமுறை பிராசஸர்கள் சந்தைக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அசுஸ் நிறுவனத்தின் 'ஆர்.ஓ.ஜி. மேக்ஸிமஸ் இசட்690 ஹீரோ' என்ற மதர்போர்டை வாங்கியவர்களில் சிலர் ஒரே மாதிரியான புகாரைச் சொல்ல ஆரம்பித்தார்கள். ஓடிக்கொண்டிருந்த கணினி திடீரென்று நின்றுபோகிறது. போர்டின் மூலையில் இருக்கும் சின்ன எண் திரை 53 என்று காட்டுகிறது. ரேம் ஸ்லாட்டுகளுக்குப் பக்கத்தில் கருகல் வாடை, சிலருக்குப் புகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் அது அமெரிக்காவில் ஏறத்தாழ 600 டாலருக்கு விற்ற போர்டு.

மதர்போர்டுகளை அக்குவேறு ஆணிவேறாக அலசும் 'பில்ட்ஸாய்ட்' என்ற யூடியூபர், பாதிக்கப்பட்டவர்கள் போட்ட புகைப்படங்களை நல்ல போர்டின் படத்தோடு வைத்துப் பார்த்தார். ரேமுக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதியில் ஒரு கெபாசிட்டர். அதன் தலையில் அச்சிட்டிருந்த எழுத்து, நல்ல போர்டில் ஒரு பக்கம் பார்த்து இருந்தது. எரிந்த போர்டில் அப்படியே தலைகீழாக இருந்தது. பிளஸ் இருக்க வேண்டிய இடத்தில் மைனஸ். விரல் நுனியைவிடச் சிறிய அந்த ஒரு பாகத்தைத் திருப்பி வைத்துவிட்டதால் பக்கத்திலிருந்த டிரான்சிஸ்டர்கள் எரிந்துபோயின.

ஓர் உற்பத்தி வரிசையில் கெபாசிட்டர் திரும்பிப் போயிருக்கக்கூடும் என்று அசுஸ் ஒப்புக்கொண்டது. 2021இல் தயாராகி, சீரியல் எண் எம்.ஏ., எம்.பி., எம்.சி. என்று தொடங்கும் போர்டுகளை மாற்றித் தருவதாக அறிவித்தது. 2022இல் அமெரிக்காவில் சுமார் 10,000 போர்டுகளைத் திரும்பப் பெறும் முறையான அறிவிப்பும் வந்தது.

இந்த ஒரு சம்பவம் போதும், இன்றைய பேச்சின் சாரத்தைச் சொல்லிவிடலாம். அதிக விலை கொடுத்தால் கோளாறு வராது என்ற உத்தரவாதம் யாருக்கும் கிடையாது. பெரிய பிராண்ட் என்பதும் அப்படித்தான். ஒரு போர்டின் நம்பகத்தை மூன்று விஷயங்களில்தான் தேட வேண்டும். பிராசஸருக்கு அது எப்படி மின்சாரம் கொடுக்கிறது, ஆன் செய்ததும் முதலில் ஓடும் மென்பொருளான அதன் பயாஸை நிறுவனம் எவ்வளவு காலம் பொறுப்பாகப் பராமரிக்கிறது, பழுதானால் யார் கையில் கொடுத்து மாற்றி வாங்குவது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடுவதில் பெரும்பகுதி இந்த மூன்றுக்கும் வெளியே இருக்கிறது. அதனால்தான் வாங்குபவர்கள் தடுமாறுகிறார்கள்.

முதலில் மின்சாரம்.

கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து போர்டுக்கு வருவது 12 வோல்ட். பிராசஸருக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டைச் சற்றே தாண்டிய அளவு. இந்த மாற்றத்தைச் செய்யும் பகுதிக்கு வி.ஆர்.எம். என்று பெயர். சாக்கெட்டைச் சுற்றி ஹீட் சிங்க் போர்த்தியிருக்கும் இடத்துக்கு அடியில் அது இருக்கிறது. இன்டெல் ஐ9-13900கே பிராசஸரின் உச்ச மின்தேவை 253 வாட். 1.25 வோல்ட் என்று வைத்து வகுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 200 ஆம்பியர். ஓர் உள்ளங்கை அளவு இடத்தில், விளையாட்டின் காட்சி மாறும் ஒவ்வொரு கணமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிற 200 ஆம்பியர்.

இந்த மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று கொண்டால்கூட 25 வாட் ஆகிறது. ரேடியோ மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயர்னின் அளவு அது. ஹீட் சிங்க் சரியாக இல்லாத போர்டில் அந்த வெப்பத்துக்குப் போக்கிடம் இல்லை. வி.ஆர்.எம்.மின் சூடு நூறு டிகிரியைத் தாண்டும்போது, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போர்டு பிராசஸரின் வேகத்தைக் குறைத்துவிடும். விளையாடுகிறவர் கிராபிக்ஸ் கார்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

ஒரே நிறுவனத்தின் இரண்டு போர்டுகளை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். எம்.எஸ்.ஐ. நிறுவனம் 2018இல் வெளியிட்ட பி450 டோமஹாக் நடுத்தர விலைப் போர்டு. நல்ல கனமான ஹீட் சிங்க். எட்டு கோர் பிராசஸரைச் சிரமமில்லாமல் தாங்கியது. உலகம் முழுவதும் நல்ல பெயர் எடுத்தது. அடுத்த ஆண்டு அதே நிறுவனம், அதைவிட உயர்ந்த சிப்செட்டோடும் அதைவிட உயர்ந்த விலையோடும் எக்ஸ்570 கேமிங் எட்ஜ் வைஃபை என்ற போர்டைக் கொண்டுவந்தது. 12 கோர், 16 கோர் பிராசஸர்களை வைத்துச் சோதித்த விமர்சகர்கள், அதன் வி.ஆர்.எம். போட்டிப் போர்டுகளைவிட மிக அதிகமாகச் சூடாவதைப் படம்பிடித்துக் காட்டினார்கள். 2020இல் எக்ஸ்570 டோமஹாக் என்ற பெயரில் மிக வலுவான மின்பகுதியோடு புதிய போர்டை எம்.எஸ்.ஐ. வெளியிட்டது. அந்த விலைப் பிரிவில் பலரும் பரிந்துரைத்த போர்டு அதுதான்.

ஆகவே, "எம்.எஸ்.ஐ. நல்லதா, ஜிகாபைட் நல்லதா?" என்ற கேள்விக்குப் பதில் இல்லை. எந்த மாடல், அதில் எந்தப் பிராசஸர் உட்காரப்போகிறது என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். எல்லா நிறுவனங்களிடமும் அருமையான போர்டுகளும் உண்டு, தவிர்க்க வேண்டிய போர்டுகளும் உண்டு.

பெட்டியில் '14+2+1 ஃபேஸ்' என்று போட்டிருக்கும். முதல் எண் பிராசஸரின் கோர்களுக்கு மின்சாரம் தரும் வரிசைகளின் எண்ணிக்கை; மற்றவை பிராசஸருக்குள் இருக்கும் வேறு பகுதிகளுக்கு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து மயங்கிவிடக் கூடாது. ஒவ்வொரு வரிசையிலும் இருக்கும் டிரான்சிஸ்டர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே கட்டுப்பாட்டுச் சமிக்ஞையில் இரண்டு வரிசைகளைச் சேர்த்து ஓட்டி, அதை இரண்டாகக் கணக்குக் காட்டுவதும் உண்டு.

இங்கே நம் ஊருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. வெளிநாட்டு விமர்சகர்கள் வி.ஆர்.எம். சோதனையை இருபது சொச்சம் டிகிரி வெப்பமுள்ள அறையில் நடத்துகிறார்கள். சென்னையிலோ வேலூரிலோ மே மாதம், ஏசி இல்லாத அறையில் 34, 35 டிகிரி சர்வ சாதாரணம். விமர்சனத்தில் 85 டிகிரி என்று இருந்தால் நம் வீட்டில் அது ஏறக்குறைய 100. அங்கே "பரவாயில்லை" என்று மதிப்பிடப்பட்ட போர்டு இங்கே விளிம்பில் நிற்கும். விமர்சனத்தில் வரும் எண்ணோடு 12, 13 டிகிரி கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதே சரி.

வெப்பம் வேகத்தை மட்டும் பாதிப்பதில்லை, ஆயுளையும் தின்கிறது. இதற்குக் கெபாசிட்டர்களின் கதையைச் சொல்ல வேண்டும்.

1999 முதல் சுமார் 2007 வரை உலகம் முழுவதும் மதர்போர்டுகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. முக்கியமாகத் தைவானில் தயாரான சில வகைக் கெபாசிட்டர்களுக்குள் ஊற்றியிருந்த திரவம் சரியான கலவையில் இல்லை. அது உள்ளே இருக்கும் அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கியது. தட்டையாக இருக்க வேண்டிய கெபாசிட்டரின் தலை உப்பியது. வெடித்து வழிந்த பழுப்புத் திரவம் போர்டில் கறையாகக் காய்ந்தது. அந்தக் காலத்தில் சர்வீஸ் கடையில் வேலை பார்த்தவர்கள் இந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கேமிங் பிரியர்கள் கொண்டாடிய ஏபிட் போர்டுகளும் இதில் சிக்கின. டெல் நிறுவனம் தன் ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைப் பழுதுபார்க்கும் செலவுக்காக 2005இல் 30 கோடி டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. 2003 மே முதல் 2005 ஜூலை வரை அந்நிறுவனம் விற்றவற்றில் பழுதாகும் அபாயமுள்ளவை குறைந்தது 1 கோடியே 18 லட்சம் என்று பின்னர் நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது.

இன்றைய போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத பாலிமர் கெபாசிட்டர்கள். '105 டிகிரியில் 5,000 மணி நேரம்' என்பது போன்ற தரக்குறிப்பு அவற்றுக்கு உண்டு. வெப்பம் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்கு கூடும் என்பது இவ்வகைக்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு. 85 டிகிரியில் அதே கெபாசிட்டர் 50,000 மணி நேரம் வரும். அதாவது இரவு பகல் ஓடினாலும் ஐந்தரை ஆண்டுக்கு மேல். கேபினெட்டின் முன்புறம் காற்று உள்ளே வரும்படி 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டை மாட்டுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை தூசு தட்டுவதும் போர்டின் ஆயுளை நேரடியாகக் கூட்டுகிற வேலைகள்.

இரண்டாவது விஷயம் பயாஸ். இதைப் பற்றி வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. ஆனால் கடந்த சில ஆண்டுகளில் நடந்த பெரிய கோளாறுகளில் முக்கியமானவை இங்கேதான் வெடித்தன.

2023 ஏப்ரலில் ஏ.எம்.டி.யின் ரைசன் 7 7800எக்ஸ்3டி வெளிவந்தது. விளையாட்டுக்கென்றே பிறந்த பிராசஸர் என்று கொண்டாடப்பட்டது. சில வாரங்களுக்குள் கருகிய பிராசஸர்களின் படங்கள் வரத் தொடங்கின. அடிப்பகுதி உப்பி, அது உட்கார்ந்திருந்த சாக்கெட்டின் ஊசிகளும் கருகியிருந்தன. ரேமை வேகமாக ஓட்டும் அமைப்பைப் போட்டதும் சில போர்டுகளின் பயாஸ், பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் எஸ்.ஓ.சி. பகுதிக்கு அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கொடுத்ததே முக்கியக் காரணமாக வெளிப்பட்டது. ஏ.எம்.டி. அந்த வோல்டேஜுக்கு 1.3 வோல்ட் என்று உச்சவரம்பு விதித்தது. போர்டு நிறுவனங்கள் புதிய பயாஸை வெளியிட்டன.

அடுத்த ஆண்டு இன்டெலின் முறை. 13, 14ஆம் தலைமுறை பிராசஸர்களில் உயர் ரகங்களை வைத்திருந்தவர்கள் விளையாட்டு பாதியில் நின்றுபோவதாகப் புலம்பினார்கள். இன்டெல் பரிந்துரைத்த மின்வரம்புகளைப் பல போர்டு நிறுவனங்கள் முன்னிருப்பாகவே தளர்த்தி வைத்திருந்தது முதலில் தெரிய வந்தது. பிராசஸரே தேவைக்கு அதிகமான வோல்டேஜைக் கேட்கிறது என்பதை இன்டெல் பிறகு ஒப்புக்கொண்டது. 2024 ஆகஸ்ட் மாதம் திருத்தம் வந்தது. வாரண்டியை மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டினார்கள். அந்தத் திருத்தம் பயனாளரின் கைக்குப் பெரும்பாலும் மதர்போர்டு நிறுவனத்தின் பயாஸ் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. அதைப் போடாமல் ஓட்டியவர்களில் சிலரின் பிராசஸர் மெல்ல மெல்லக் கெட்டது. ஏற்கெனவே கெட்டதை எந்தப் பயாஸும் மீட்க முடியாது.

எனவே ஒரு போர்டை விலைக்குக் கேட்பதற்கு முன்னால் அதன் ஆதரவுப் பக்கத்தைத் திறந்து பயாஸ் பட்டியலைப் பார்க்க வேண்டும். கடைசியாக எப்போது வெளியிட்டார்கள்? அதே நிறுவனத்தின் மூன்று வருடப் பழைய போர்டுக்கு இன்னும் வெளியிடுகிறார்களா? ஐந்து நிமிட வேலை இது. பத்து விளம்பரங்கள் சொல்லாததை அந்தத் தேதிகள் சொல்லிவிடும்.

பயாஸ் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஏ.எம்.டி.யின் ஏஎம்4 சாக்கெட்டே சாட்சி. 2017இல் முதல் ரைசனுக்காக வாங்கிய எக்ஸ்370, பி350 போர்டுகள் பலவற்றில், 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியைப் பொருத்த முடிந்தது. இடையில் சிக்கலும் இருந்தது. பல பழைய போர்டுகளில் பயாஸ் சிப் 16 எம்பிதான். எல்லாத் தலைமுறைகளின் குறியீடும் அதில் கொள்ளவில்லை. 2019இல் வந்த பி450 டோமஹாக் மேக்ஸ் 32 எம்பி சிப்போடு வந்தது இதனால்தான். இன்டெல் பக்கம் வேறு கதை. 2015இல் எல்ஜிஏ1151 சாக்கெட் போர்டு வாங்கியவர்களால், 2017இல் அதே பெயர் கொண்ட சாக்கெட்டுக்கு வந்த 8ஆம் தலைமுறை பிராசஸரை அதில் போட முடியவில்லை. மூன்று, நான்கு ஆண்டு கழித்துப் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள் இந்த வரலாற்றை நினைவில் வைத்து சாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ள போர்டைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பிராசஸரோ ரேமோ இல்லாமலே, ஒரு பென் டிரைவையும் எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் வைத்துப் பயாஸை மாற்ற அது உதவும். புதிய பிராசஸரைப் பழைய ஸ்டாக் போர்டில் போட்டுத் திரை வராமல் தவிப்பவர்களுக்கு அதுதான் வழி. போர்டின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று நான்கு சிறு விளக்குகள் இருந்தால் பழுது எந்த இடம் என்று வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ரேம் விஷயத்தில் ஒரு வார்த்தை. நான்கு ஸ்லாட்டுகள் இருக்கின்றன என்று நான்கையும் நிரப்ப வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு ஏ.எம்.டி. அதிகாரப்பூர்வமாகச் சொல்லும் வேகம், இரண்டு டிடிஆர்5 ரேம்களுக்கு 5200; நான்கு போட்டால் 3600. இரண்டாக வாங்குவதே வேகத்துக்கும் நிம்மதிக்கும் நல்லது. முதல்முறை ஆன் செய்யும்போது, ரைசன் 7000 உட்காரும் ஏஎம்5 போர்டு ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். திரை கறுப்பாக இருக்கிறதே என்று பதறி, நடுவில் மின்சாரத்தை நிறுத்தாமல் பொறுமையாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வாரண்டி. சென்னை ரிச்சி தெருவின் கணினிக் கடைகளுக்குப் போகிறவரோ, இணையத்தில் ஆர்டர் போடுகிறவரோ, இதில் ஏமாறாமல் இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நம் சந்தையில் பெயர்பெற்ற நிறுவனங்களின் போர்டுகளுக்குப் பெரும்பாலும் மூன்று ஆண்டு வாரண்டி. ஆனால் அது இந்திய விநியோகஸ்தர் வழியாக வந்த சரக்குக்குத்தான். வெளிநாட்டிலிருந்து வேறு வழியில் வந்த சரக்கு சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கலாம். பழுதானால் இங்குள்ள சர்வீஸ் சென்டர் கைவிரித்துவிடும். இன்னொரு வகையும் உண்டு. எச்61 போன்ற, 2011இல் வந்த சிப்செட்டை வைத்து, கேள்விப்படாத பெயரில் புத்தம் புதிய பெட்டியில் விற்கும் போர்டுகள். பழைய போர்டுகளிலிருந்து கழற்றிய சிப்களை வைத்துச் செய்தவையும் அவற்றில் கலந்திருக்கின்றன. பயாஸ் மேம்படுத்தல் என்பது அவற்றுக்கு அநேகமாகக் கிடையாது. கேமிங் கணினிக்கு அவை வேண்டவே வேண்டாம்.

கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 ஊசிகள், இன்டெலின் எல்ஜிஏ1700இல் 1,700. இவை பிராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. தலைமுடியைப் போல மெல்லியவை. சாக்கெட்டின் பிளாஸ்டிக் மூடியை எடுத்து, செல்போன் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால் ஊசிகளின் முனைகள் வரிசை வரிசையாக ஒரே சீராக மின்ன வேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் வரிசை கலைந்திருந்தாலோ, ஒரு முனை மட்டும் வேறு திசையில் மின்னினாலோ அந்தப் போர்டை வாங்க வேண்டாம். வளைந்த ஊசி பெரும்பாலும் வாரண்டிக்குள் வராது. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு அது கடைக்காரர் கையில் வளைந்ததா, உங்கள் கையில் வளைந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அந்த மூடியைத் தூக்கிப் போட்டுவிடாமல் பெட்டியிலேயே வைத்திருங்கள். வாரண்டிக்கு அனுப்பும்போது அது இல்லாவிட்டால் வாங்க மறுக்கலாம்.

ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். அதில் போர்டின் சீரியல் எண் இருக்கட்டும். நியாயமான வாரண்டியை மறுத்தால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லலாம்.

வாரண்டியை நாடும் நிலையே வராமலிருக்க, வீட்டில் எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பவர் பிளக்கைக் கழற்றுகிறவர்கள் லேன் கேபிளை மறந்துவிடுகிறார்கள். வெளியிலிருந்து வரும் அந்த வயர் வழியாகவும் மிகை மின்னழுத்தம் வந்து போர்டைச் சாகடிக்கும்.

கடைசியாக, எவ்வளவு செலவழிப்பது? விளையாட்டின் வேகத்தைத் தீர்மானிப்பவை கிராபிக்ஸ் கார்டும் பிராசஸரும். நல்ல பி650 சிப்செட் போர்டிலும் அதைவிட இரு மடங்கு விலையுள்ள எக்ஸ்670இ போர்டிலும் ஒரே பிராசஸரைப் போட்டு விளையாடினால் திரையில் வித்தியாசம் தெரியாது. கூடுதல் பணம் வாங்கித் தருவது அதிக எம்.2 ஸ்லாட்டுகள், அதிக யுஎஸ்பி வசதி, ஓவர்கிளாக் செய்பவர்களுக்கான சௌகரியங்கள். வேண்டுபவர்கள் வாங்கட்டும். ரைசன் 5 7600இன் உச்ச மின்தேவை 88 வாட், 7800எக்ஸ்3டியின் வரம்பு 162 வாட். விளையாடும்போது இதைவிடக் குறைவுதான். வி.ஆர்.எம். மேல் முறையான ஹீட் சிங்க் உள்ள நடுத்தரப் போர்டு இவற்றை நம் கோடையிலும் தாங்கும். ஐ9, ரைசன் 9 வாங்கி வீடியோ எடிட்டிங்கும் செய்பவர்கள் மட்டும் மின்பகுதிக்காகக் கூடுதலாகக் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

கேமிங் கணினி கட்டும் பெரும்பாலானவர்களுக்குத் தீர்ப்பு இதுதான்: உங்கள் பிராசஸரைக் கோடை வெப்பத்திலும் தாங்குவதாகச் சோதனையில் தெரிந்த, பயாஸ் ஒழுங்காக வெளிவருகிற, மூன்று ஆண்டு இந்திய வாரண்டி உள்ள பி650 போன்ற பி வரிசை சிப்செட் போர்டு ஒன்றை வாங்குங்கள். வண்ண விளக்குகளுக்கும் பெயருக்கும் கொடுக்க நினைத்த மிச்சப் பணத்தில் தரமான எஸ்.எம்.பி.எஸ். வாங்குங்கள்.